முதலில் மெக்கானிக் போகட்டும்

சுனாமி என்றதும் எல்லோருக்கும் நாகப்பட்டினமும் வேளாங்கண்ணியும்தான் நினைவுக்கு வரும். அது நியாயம்தான். தமிழ்நாட்டில் இறந்த ஏறத்தாழ 8,000 பேரில் 6,000-க்கும் மேற்பட்டவர்கள் நாகை மாவட்டத்துக்காரர்கள். இராமநாதபுரம் கரையில் இருந்த நாங்கள் அநேகமாக முழுசாகத் தப்பித்தோம். அப்படித் தப்பித்த கரையிலிருந்து அடிபட்ட கரைக்கு வேலை செய்யப் போனவர்களைப் பற்றி எழுத வேண்டும் என்று பல வருடமாக மனசில் கிடக்கிறது. பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கத்து எஞ்சின் மெக்கானிக்குகள், வலை கட்டுகிறவர்கள், படகு ஆசாரிகள். அவர்களை யாரும் படம் எடுத்துப் போடவில்லை. அவர்கள் செய்ததுதான் நான் பார்த்ததிலேயே உருப்படியான நிவாரணம் என்று இன்றும் நம்புகிறேன்.

நாங்கள் தப்பித்ததன் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். 2004 டிசம்பர் 26 காலை, நம் நேரப்படி 6.29-க்கு, சுமத்ராவுக்கு மேற்கே கடலுக்கடியில் 9.1 அளவில் பூமி குலுங்கியது. சுமத்ராவில் தொடங்கி அந்தமான் வரை 1,200 கிலோமீட்டருக்கு மேல் நிலத்தட்டு பிளந்து எகிறியது. பிளவு வடக்கு தெற்காகக் கிடந்ததால் அலையின் முழு வீச்சும் கிழக்கிலும் மேற்கிலும் போய் விழுந்தது. மேற்கே போனது இலங்கையின் கிழக்குக் கரையையும், நாகை, கடலூர் கரைகளையும் நேராக அடித்தது. இலங்கையின் தென்முனையைச் சுற்றி வளைந்த அலை குளச்சலையும் கொல்லத்தையும் பிடித்தது. எங்களுக்கு முன்னால் இலங்கை நின்றது. வடகடலில், அதாவது பாக் நீரிணைப் பக்கத்துக் கடலில், தண்ணீர் நேரங்கெட்ட நேரத்தில் ஏறி இறங்கியது, கட்டிப்போட்டிருந்த வத்தைகள் என்னும் நாட்டுப்படகுகள் ஒன்றோடொன்று மோதின. எங்கள் ஊரில் அவ்வளவோடு முடிந்தது.

ஆனால் எங்களை மறைத்து நின்ற அந்தத் தீவில் 30,000-க்கும் மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள். மண்டபம் முகாமில் இருந்த இலங்கைத் தமிழர்கள் பலருக்கு முல்லைத்தீவிலும் மட்டக்களப்பிலும் சொந்தங்கள். டெலிபோன் பூத் வாசலில் நாள் முழுக்க அவர்கள் நின்றதைப் பார்த்திருக்கிறேன். லைன் கிடைத்துவிட்டால் அழுகை, கிடைக்காவிட்டால் அதைவிட மோசம்.

நான் அப்போது ஒரு மீன் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அந்த வாரம் கணக்கு எழுத ஒன்றுமே இல்லை. செத்த உடல்களைத் தின்ற மீன் என்று பேச்சு கிளம்பி, மதுரையிலும் திருச்சியிலும் மீன் வாங்க ஆளில்லாமல் போனது. அலை தொடாத எங்கள் கரையிலும் பிடித்த மீன் ஐஸில் கிடந்து அழுகியது. ஓட்டமில்லாமல் மீன் வண்டிகள் வரிசையாக நின்றன. பள்ளிவாசல், கோயில், சர்ச் என்று எல்லா இடத்திலும் சாமான் சேர்த்தார்கள். அரிசி, பருப்பு, பிஸ்கட், அப்புறம் மூட்டை மூட்டையாகப் பழந்துணி. கொடுத்தவர்கள் எல்லோரும் மனசாரத்தான் கொடுத்தார்கள்.

என் தாய்மாமா எஞ்சின் மெக்கானிக். எந்தப் பொருளையும் சேர்க்காமல் இரண்டு நாளாக ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் உட்கார்ந்து நாகை நம்பர்களைப் போட்டுக்கொண்டே இருந்தார். தொழில்முறையில் அந்தப் பக்கத்து மெக்கானிக்குகள், படகுக்காரர்கள் நாலைந்து பேர் அவருக்குப் பழக்கம். கடைசியில் ஒருவர் கிடைத்தார். மாமா துக்கம் விசாரித்தார். ரொம்ப நேரம் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, “என்ன கொண்டு வரட்டும்?” என்றார். அந்தப் பக்கம் சொன்ன பதிலை எங்களிடம் அப்படியே சொன்னார்: “அரிசி வந்துக்கிட்டே இருக்குண்ணே. எஞ்சின் எல்லாம் உப்புத் தண்ணியில கெடக்கு. அதைப் பாக்க ஆளில்லை.”

மாமாவுக்கு இது உடனே உறைத்ததற்கு வீட்டிலேயே ஒரு காரணம் இருந்தது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோனபோது எங்கள் குடும்பம் அங்கே இருந்தது. உயிரோடு இராமேஸ்வரம் வந்து சேர்ந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றினார்கள், போர்வை கொடுத்தார்கள். அம்மாச்சி அதை நன்றியோடுதான் சொல்வார். கூடவே இன்னொன்றும் சொல்வார்: சொந்த வத்தை வைத்திருந்த தாத்தா, அதற்குப் பிறகு சாகும் வரை அடுத்தவர் படகில் கூலிக்குத்தான் போனார். போன வத்தையைப் பற்றி யாரும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையாம். புயல் ஒரு ராத்திரிதான் அடித்தது. கடனும் கூலியும் என் அம்மா காலம் வரை நீண்டது.

சரி, கிளம்பினோம். சும்மா நின்ற மீன் வண்டி ஒன்றைக் கழுவி எடுத்தோம். ஸ்பானர் பெட்டி, கேஸ்கெட், பேரிங், ஆயில் ட்ரம், நூல்கண்டு, வலை ஊசி, உளி, இழைப்புளி. ஐஸ்பெட்டியில் ஐஸுக்குப் பதிலாக, பேரிங் கழற்றும் புல்லரும் சிலிண்டர் ஹெட்டுகளும். கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் என்னையும் ஏற்றிக்கொண்டார்கள், ஒரு நீள நோட்டோடு. தேவிபட்டினம், தொண்டி, மீமிசல், கோட்டைப்பட்டினம் என்று கடலோரமாகவே வண்டி போனது. வடக்கே போகப் போக லாரிகள் கூடின. நாகை நெருங்கும்போது சாலையின் இரண்டு பக்கமும் பழந்துணி. மழையில் நனைந்து, சேற்றில் மிதிபட்டு, மாடு மேய்ந்துகொண்டிருந்தது. வீடு வாசலை இழந்திருந்தாலும் அந்த மக்கள் இன்னொருவர் கட்டிய சேலையைக் கட்டப் பிரியப்படவில்லை. முந்தின வாரம் வரை கடலில் உழைத்துச் சொந்தக் காசில் துணி எடுத்தவர்கள் அவர்கள். அந்தக் குவியலைப் பார்த்து நன்றி கெட்டவர்கள் என்று பேசியவர்களையும் வழியில் கேட்டேன். இன்றும் எனக்கு அந்தப் பேச்சு ஆறவில்லை.

நாங்கள் தங்கியது நாகைக்குத் தெற்கே ஒரு குப்பம். ஊர் பெயர் வேண்டாம். தெருவும் கடற்கரையும் ஒன்றாகிக் கிடந்தன. தென்னைக்கு நடுவில் விசைப்படகு கிடந்தது. வீடு இருந்த இடத்தில் அடுப்புக்கல் மட்டும் தெரிந்தது.

முதல் வேலையாக மாமா செய்தது, யாரும் எஞ்சினைத் தொடக்கூடாது என்று ஊர் முழுக்கச் சொல்லி அனுப்பியதுதான். எனக்கு அப்போது புரியவில்லை. ஃபைபர் படகுகளில் பெரும்பாலும் லொம்பார்டினி டீசல் எஞ்சின், பின்னால் நீளமான தண்டு வைத்தது. அது மூழ்கியோ மண்ணில் புதைந்தோ கிடக்கிற வரை துரு மெதுவாகத்தான் பிடிக்கும். வெளியே தூக்கிக் காற்றுப் பட்டுவிட்டால் சில மணி நேரத்திலேயே உள்ளே செம்பழுப்பாகிவிடும். அதைவிட ஆபத்து, ஓடுகிறதா பார்ப்போம் என்று எஞ்சினைக் கையால் சுழற்றிப் பார்ப்பது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டன் அதை அமுக்க முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். மணல் இருந்தால் சிலிண்டர் சுவர் முழுக்கக் கீறல் விழும். ஆசையில் நாலு சுற்று சுற்றினால் பிழைக்க வேண்டிய எஞ்சின் காயலான் கடைக்குப் போகும்.

அதனால் ஒரு முறை வைத்துக்கொண்டார்கள். திறக்க ஆள் தயாராக இருக்கும்போதுதான் ஒரு எஞ்சினைத் தூக்குவது. தூக்கியதும் ஆயிலை வடிப்பார்கள். தண்ணீர் கலந்த ஆயில் வெளுத்துப்போய்க் கட்டியாக இறங்கும். ஹெட்டைக் கழற்றி, உள்ளே நல்ல தண்ணீர் ஊற்றி உப்பையும் மண்ணையும் அலசி, ஈரம் போகத் துடைத்து, உடனே டீசல் விட்டுக் கழுவுவார்கள். நாசிலையும் பம்ப்பையும் தனியே கழற்றி டீசல் வாளியில் ஊறப்போடுவார்கள். இறுகிய பிஸ்டனை அடித்து எடுக்க மாமா யாரையும் விடமாட்டார். எண்ணெய் விட்டுவிட்டு அடுத்த எஞ்சினுக்குப் போய்விடுவார், ராத்திரி வந்து மரக்கட்டை வைத்து மெல்லத் தட்டுவார். ஒவ்வொரு போல்ட்டையும் எந்த எஞ்சினுடையது என்று எழுதி பாலித்தீன் பையில் கட்டுவது என் வேலை. இன்னொருவர் எஞ்சின் சாமான் மாறிப்போனால் நாளைக்கு ஊருக்குள் சண்டை வரும் என்பார்.

சிக்கல் நல்ல தண்ணீரில் வந்தது. கிணறெல்லாம் உப்பாகிவிட்டது. லாரித் தண்ணீர் குடிக்கத்தான் சரியாக இருந்தது. அதில் குடம் குடமாக எடுத்து இரும்பைக் கழுவ எங்களுக்கு மனசு வரவில்லை. நாங்கள் தயங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா, இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவர், தன் பங்குத் தண்ணீரில் ஒரு குடத்தைக் கொண்டுவந்து வைத்தார். “ஊத்துங்க தம்பி. நாங்க எத்தனை நாளைக்குப் பொட்டலம் வாங்கித் தின்னுறது?” என்றார். அதற்குப் பிறகு ஊர்ப் பெண்களே முறை வைத்துக் குடம் கொண்டுவந்தார்கள்.

முதல் எஞ்சின் கறுப்பாகப் புகை கக்கிக்கொண்டு ஓடியபோது கைதட்டல் எல்லாம் இல்லை. சத்தம் கேட்டு எல்லோரும் வந்து சுற்றி நின்றார்கள். படகுக்காரர் எஞ்சின் மேல் கையை வைத்தவர் எடுக்கவே இல்லை. அவரோடு கடலுக்குப் போகும் தம்பி இப்போது இல்லை. கடலுக்கு எப்போது போகப் போகிறீர்கள் என்று கூட வந்த பையன் ஒருவன் கேட்கப் போக, மாமா அவன் தோளைப் பிடித்து நிறுத்தினார். “ஓடுற எஞ்சின் கரையில இருக்கட்டும்டா. மனசு வர்றப்ப போவாங்க.” கடலைப் பார்க்கவே மாட்டேன் என்று முதுகைத் திருப்பிப் படுத்திருந்த ஆண்கள் அந்த ஊரில் நிறைய இருந்தார்கள். அவர்களை யாரும் அவசரப்படுத்தக் கூடாது என்பதில் மாமா கறாராக இருந்தார்.

வலை கட்டுகிறவர்களுக்கு வேலை இதைவிடக் கொடுமை. அலை இழுத்துப்போன வலைகள் சீமைக்கருவேல முள்ளிலும் மின்கம்பியிலும் சுருண்டு கிடந்தன. சிலவற்றில் சொல்ல முடியாதவையும் சிக்கியிருந்தன. பாம்பன்காரர் ஒருவர், அறுபது வயதிருக்கும், தென்கடலில், அதாவது மன்னார் வளைகுடாவில், நண்டுவலை கட்டியே வாழ்ந்தவர். வந்த அன்று ஊசியையே எடுக்கவில்லை. ஊர்ப் பெரியவர்களோடு உட்கார்ந்து, எந்த மாதம் என்ன மீன், எத்தனை பாகம் ஆழம், வலைக்கண் எவ்வளவு அகலம் வைப்பீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எங்கள் கரையில் ஆழம் குறைவு, தரையில் பார், அதாவது பவளப் பாறை, உண்டு. அங்கே திறந்த கடல், நீரோட்டம் வேறு. எங்கள் வலையை அங்கே கொடுத்தால் மீன் விழாது. ஒரு மூங்கில் சில்லை அவர்கள் சொன்ன கண்ணளவுக்குச் சீவிக்கொண்டு, மறுநாள்தான் உட்கார்ந்தார். கிழிந்ததை இன்னும் கொஞ்சம் வெட்டி, நல்ல கண் வரை போய், அங்கிருந்து முடிச்சுப் போட்டு வருவார். உதவி என்று வந்து இறங்கிய புது வலைகளில் கண்ணளவு பொருந்தாதவை கட்டுப் பிரிக்காமலே கிடந்ததையும் அங்கே பார்த்தேன்.

இனி என் நோட்டு. அந்தக் கரையில் ஊர்ப் பஞ்சாயத்துக்கு இருக்கும் பலத்தை நான் எங்கள் பக்கத்தில் கண்டதில்லை. வந்த சாமானைப் பொதுவில் வைத்து, தலைக்கட்டுக் கணக்குப்படி, சண்டை சச்சரவில்லாமல் பங்கிட்டார்கள். அரசாங்கத்தால்கூட அவ்வளவு வேகமாகச் செய்திருக்க முடியாது. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தலைக்கட்டு என்றால் வரி கட்டும் ஆண். புருஷனை இழந்தவர், பிள்ளையோடு தனியாக இருப்பவர், இவர்களின் பெயர் வரிக் கணக்கில் பாதித் தலைக்கட்டாகவோ இல்லாமலோ இருந்தது. நஷ்டக் கணக்கு எடுக்க வந்த அதிகாரிகளின் படிவத்திலும் படகு, வலை, எஞ்சின் என்றுதான் கட்டங்கள் இருந்தன.

மீன் விற்கும் பெண்ணுக்கு என்ன நஷ்டம்? அலுமினிய அன்னக்கூடை, தராசு, அரிவாள்மனை, கருவாட்டுப் பாய், உப்பு, அப்புறம் முந்தானையில் முடிந்து வைத்திருந்த கைமுதல். ஏலத்தில் மீன் எடுக்க அந்தக் கைமுதல் வேண்டும். அது போனால் வட்டிக்காரரிடம்தான் போக வேண்டும். கடலுக்குப் போக ஆண்களுக்கு மனசு வராத அந்த மாதங்களில் அடுப்பு எரிந்தது இவர்கள் நடந்து விற்ற காசில்தான். அப்படி இருந்தும் எந்தக் கட்டத்திலும் இவர்கள் வரவில்லை. மாமாவிடம் சொன்னேன். “நோட்டுல பாதி வெறுமையாத்தானே கிடக்கு, எழுது” என்றார்.

சாயங்காலங்களில் மரத்தடியில் உட்கார்ந்து எழுதினேன். முதல் நாள் யாரும் வரவில்லை. குடம் கொண்டுவந்த அந்த அம்மாதான் முதலில் உட்கார்ந்தார். கூடை ரெண்டு, தராசு ஒன்று, கைமுதல் எவ்வளவு என்று அவர் சொன்னதும் மற்றவர்கள் கூடினார்கள். மீன்பிடிக் குடும்பங்களோடு நின்றுவிடவும் முடியவில்லை. மீன்கூடை சுமந்த, ஐஸ் உடைத்த, உப்பளத்தில் உப்பு வாரிய தலித் குடும்பங்கள் ஊருக்கு வெளியே இருந்தன. பல இடங்களில் நிவாரண வண்டி அவர்கள் தெரு வரை போகவே இல்லை. இதைச் சொன்னால் கசக்கும், ஆனால் நடந்தது. அவர்களுக்கு இழந்தேன் என்று காட்ட ஒரு பொருளும் இல்லை. போனது வேலை. அதை எப்படி எழுதுவது என்று யோசித்து, நாள் கூலியும் மாதத்தில் எத்தனை நாள் வேலை என்பதையும் எழுதினேன்.

2005 ஜனவரித் தொடக்கத்திலேயே நாகை ஆட்சியர் அலுவலகத்தில் தொண்டு நிறுவனங்களை ஒருங்கிணைக்க ஒரு மையம் அமைத்தார்கள். மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும் உள்ளூர் அமைப்புகளும் சேர்ந்து செய்த வேலை அது. எந்த ஊருக்கு என்ன போயிருக்கிறது, என்ன போகவில்லை என்று அங்கே பார்க்க முடிந்தது. என் நோட்டின் நகலை அங்கேதான் கொடுத்தோம். அந்த ஊர்ப் பெண்களுக்குக் கூடையும் தராசும் வந்தன. கைமுதலுக்குச் சிறு தொகை, மகளிர் குழு வழியாக, கொஞ்சம் தாமதமாக வந்தது. கூலிக் குடும்பங்களுக்கு நாங்கள் நினைத்த அளவு கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததில் எனக்கு வருத்தம் ஒன்று உண்டு. பணம் வைத்திருந்த எல்லா அமைப்பும் புதுப் படகு கொடுக்கவே விரும்பின. படகு கண்ணுக்குத் தெரியும், பெயர் எழுதலாம். பழுதுபார்த்த எஞ்சினில் யார் பெயரை எழுதுவது? சுனாமிக்கு முன்பு இருந்ததைவிட அதிக ஃபைபர் படகுகள் அந்தக் கரையில் இறங்கின. அவசரத்தில் செய்த சில படகுகள் அடுத்த வருடமே விரிசல் விட்டன. கட்டுமரம் வைத்திருந்தவர்கள் படகுக்காரர் ஆனார்கள், ஆனால் கூட வர ஆளில்லை, டீசலுக்குக் காசில்லை. மாமா அப்போதே, இருப்பதைச் சரிசெய்துவிட்டு அப்புறம் புதுசு செய்யுங்கள் என்று கேட்டவரிடமெல்லாம் சொன்னார். மெக்கானிக் சொல்லை யார் கேட்டார்கள்?

அந்த வேலை எங்கள் கரைக்கும் ஒன்றைக் கற்றுக்கொடுத்தது. போனவர்கள் ஒவ்வொருவரும் திரும்பி வந்து, அலை செய்ததைத் தங்கள் ஊரில் பேசினார்கள். ஹைதராபாத்தில் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் 2007-இல் வந்தது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவுக்கு அப்பால் 8.6 அளவில் குலுங்கியபோது எச்சரிக்கை வந்த கொஞ்ச நேரத்தில் எங்கள் தெரு காலியானது. யாரும் அலை பார்க்கக் கடற்கரைக்கு ஓடவில்லை. அந்த முறை பூமி பக்கவாட்டில் நகர்ந்ததால் பெரிய அலை எழவில்லை. ஓடியது வீண் என்று எங்கள் ஊரில் ஒருவரும் சொல்லவில்லை.

2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. மாமாவுக்கு அதற்குள் கண் மங்கிவிட்டது, கை நடுங்கும். வாட்ஸ்அப் குழுவில் பையன்கள் அரிசியும் போர்வையும் சேர்க்க ஆரம்பித்தார்கள். மாமா வீட்டுக்கு வரச்சொல்லி, முதலில் போன் போடுங்கடா என்றார். போட்டார்கள். கரண்ட் வர வாரக்கணக்கில் ஆகும், மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் ஏற்ற ஜெனரேட்டர் வேண்டும், தார்ப்பாய் வேண்டும், வீட்டின் மேலும் பாதையிலும் விழுந்து கிடக்கும் தென்னையை அறுக்க ஆள் வேண்டும் என்று பதில் வந்தது. உச்சிப்புளி பக்கம் தென்னந்தோப்பு அதிகம், மரம் அறுக்கிறவர்களும் அங்கே உண்டு. அன்று ராத்திரியே மெஷின் வாளோடு அவர்கள் வண்டி ஏறினார்கள். கூடவே ஒரு கல்லூரிப் பெண்ணும், நோட்டோடு.